பூட்சைக் கழற்றும் முன்பே: காற்பந்து ஆட்டக்காரர் பயிற்றுநராகும் வழி

ஆட்டம் முடிந்த இரவுகளில், செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவுக்கடையில்) தே தாரிக் எனும் பால்தேநீர் ஆறிக்கொண்டிருக்க, முப்பது வயதை எட்டிய ஆட்டக்காரர்கள் தவறாமல் சொல்லும் ஒரு பேச்சு உண்டு: “இன்னும் ரெண்டு சீசன் ஆடிட்டு, அப்புறம் கோச்சிங் பக்கம் போயிடலாம்.” நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இடப்பக்கத் தற்காப்பு ஆட்டக்காரனாகப் பதினோரு பருவங்கள் ஆடி, முழங்கால் இனி முடியாது என்று சொல்லிவிட்ட பிறகே பயிற்றுநர் வேலையைத் தேடத் தொடங்கினேன். அந்தத் தாமதத்தால் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வீணாயின. கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருக்கின்ற, ஒருநாள் ஓர் அணியைத் தம் பொறுப்பில் நடத்த வேண்டுமென்று விரும்புகின்ற ஆட்டக்காரர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். நான் சொல்ல வருவதன் சாரம் இதுதான்: பயிற்றுநர் வேலையை ஆடிக்கொண்டிருக்கும்போதே, இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதில், உங்கள் பெயரே தெரியாத சிறுவர்கள் நடுவில் தொடங்கிவிட வேண்டும். மற்றவை எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இங்கிலாந்துக் கிளப்புகளில் மேனேஜர் எனப்படுபவர் பயிற்சியளிப்பது, அணியைத் தேர்ந்தெடுப்பது, ஆட்டக்காரர்களை வாங்குவதில் கருத்துச் சொல்வது ஆகிய எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர். நம் நாட்டில் ‘பெங்குருஸ்’ எனப்படும் அணி நிர்வாகி வேறு, ‘ஜுருலாத்தே’ எனப்படும் பயிற்றுநர் வேறு. நிர்வாகி பெரும்பாலும் பேருந்து, விடுதி, உணவு, பதிவுத் தாள்கள், மேலிடத்துத் தொடர்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்பவர். அப்பதவிக்குத் தொழிலதிபரோ அரசியல் செல்வாக்குள்ளவரோ வருவதும் உண்டு. திடலில் நின்று அணியை உருவாக்குபவர் பயிற்றுநரே. எனவே வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கும் மேனேஜர் பதவியை நீங்கள் விரும்பினால், இங்கே நீங்கள் நாட வேண்டியது தலைமைப் பயிற்றுநர் பதவியாகும்.

கால்களுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது

நான் முதன்முதலில் பயிற்சியளித்தது ஒரு தமிழ்ப்பள்ளியின் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணிக்கு. எனக்கு மிகவும் பழக்கமான இடத்திலிருந்தே தொடங்கலாம் என்றெண்ணி, இடப்பக்கத் தற்காப்பில் ஆடிய சிறுவனிடம், “நேரம் பார்த்து மேலே ஏறு” என்றேன். அவன் என்னை அண்ணாந்து பார்த்து, “எப்ப கோச் நேரம்?” என்று கேட்டான். பதினோரு பருவங்களாக ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கியவனுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. “அது தானா தெரியும்டா” என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, இரண்டு வாரங்கள் என் பழைய ஆட்டப் பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான், நான் ஏறிய தருணங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை என்பது புலப்பட்டது. பந்து எதிர்ப்பக்கத்திலிருந்து என் பக்கத்துக்கு உருண்டு வந்துகொண்டிருக்கும்போது, என்னைக் கவனிக்க வேண்டிய எதிரணி ஆட்டக்காரர் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்புகிறார். அவர் எனக்கு முதுகைக் காட்டும் அந்த ஒரு நொடியில் நான் ஓடத் தொடங்கியிருக்கிறேன். பந்து என் கூட்டாளியின் காலை அடைந்த பிறகு ஓடியிருந்தால் காலம் கடந்துவிட்டிருக்கும். அடுத்த வாரம் அந்தச் சிறுவனிடம், “பந்து உருளும்போது அவன் முதுகைப் பார். முதுகு தெரிந்தால் ஓடு” என்றேன். அன்று மாலையே மூன்று முறை சரியாக ஓடினான்.

ஆட்டக்காரர் பயிற்றுநராவதில் உள்ள கடினம் முழுவதும் இந்த நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. நன்றாக ஆடியவருக்குத் தம் திறமை கண்ணுக்குத் தெரியாது. அது பழக்கமாகி, யோசிக்காமலே நடப்பதாகிவிடுகிறது. அதைப் பிரித்தெடுத்து, பத்துச் சொற்களுக்குள் சொல்லி, பிறர் செய்து பார்க்கும்படி ஒரு பயிற்சியாக அமைப்பது தனிக்கலை. இத்தாலியின் அரிகோ சாக்கி ஒருபோதும் தொழில்முறையில் ஆடியவரல்லர். காலணி விற்பனையில் ஈடுபட்டிருந்தவர். ஆயினும் ஏசி மிலான் அணியை 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து ஐரோப்பியக் கிண்ணத்தை வெல்லச் செய்தார். ஆடாதவருக்கு இது கைகூடுமானால், ஆடியவருக்குத் தானாகவே கைகூடிவிடும் என்று நினைப்பது தவறு. நமக்கு அது சற்றுக் கூடுதல் கடினம் என்றே சொல்வேன், ஏனென்றால் நாம் முதலில் நமக்கே விளக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆடிக்கொண்டிருக்கும் காலத்தில் செய்ய வேண்டிய முதல் வேலைக்குக் காசு செலவில்லை. இருநூறு பக்கக் குறிப்பேடு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் வீடு திரும்பியவுடன் அன்று செய்த பயிற்சிகளை வரைந்து வையுங்கள். கட்டத்தின் நீள அகலம், ஆட்களின் எண்ணிக்கை, எத்தனை நிமிடம், எத்தனை முறை நிறுத்தப்பட்டது என்பவற்றோடு, ‘இது எதற்காக?’ என்ற கேள்விக்கு உங்கள் ஊகத்தையும் எழுதுங்கள். மறுநாள் பயிற்றுநரிடமோ துணைப் பயிற்றுநரிடமோ அந்த ஊகம் சரியா என்று கேளுங்கள். பெரும்பாலான பயிற்றுநர்கள் இப்படிக் கேட்கும் ஆட்டக்காரரை விரும்புவார்கள். விரும்பாதவர்களிடமிருந்தும், எப்படி இருக்கக் கூடாது என்பதைக் கற்றுக்கொள்ளலாம். அணியில் இடம் கிடைக்காமல் பதிலாட்டக்காரர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பருவம் இதற்கு மிகவும் ஏற்ற காலம். பந்தைப் பார்க்காமல், பந்துக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள நான்கு பேர் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் ஒரு முழுப் பாதியும் பார்த்துப் பழகுங்கள். முதலில் எரிச்சலாக இருக்கும். பத்து ஆட்டங்களுக்குப் பின் வேறோர் ஆட்டம் கண்ணுக்குப் புலப்படும்.

இரண்டாவது வேலை, வாரம் இரண்டு மாலைகளைச் சிறுவர்களுக்குக் கொடுப்பது. தமிழ்ப்பள்ளிகளிலும் குடியிருப்புப் பகுதிக் கிளப்புகளிலும் உதவிக்கு ஆள் வேண்டாம் என்று சொல்பவர் இல்லை. பத்து அல்லது பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அணியையே தேர்ந்தெடுங்கள். பதினெட்டு வயது இளைஞர்கள் உங்கள் பெயருக்காகக் கேட்டுக்கொள்வார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் பயிற்சி சலிப்பாக இருந்தால் திடலோரத்தில் தட்டான் பிடிக்கப் போய்விடுவார்கள். அவர்களைவிட நேர்மையான மதிப்பீட்டாளர்கள் கிடைக்கமாட்டார்கள்.

உரிமங்களின் படிக்கட்டு

மலேசியக் காற்பந்துச் சங்கம் நடத்தும் தொடக்கநிலை ‘டி’ உரிமத்திலிருந்து தொடங்கி, ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் ‘சி’, ‘பி’, ‘ஏ’ உரிமங்கள் வழியாக ‘புரோ’ பட்டயம் வரை ஏற வேண்டும். ஒரு வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்: ஆசியக் கூட்டமைப்பின் தலைமையகம் புக்கிட் ஜாலிலிலும், மலேசியச் சங்கத்தின் தலைமையகம் கிளானா ஜெயாவிலும் இருக்கின்றன, மற்ற நாட்டவர் விமானமேறி வந்து சேரும் இடத்துக்கு நாம் எல்ஆர்டி நகர ரயிலில் போய்விடலாம். ஆனால் படிகளைத் தாண்டிக் குதிக்க முடியாது. ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையே, நீங்கள் உண்மையில் ஓர் அணிக்குப் பயிற்சியளித்திருக்கிறீர்கள் என்பதைக் காட்ட வேண்டும். ‘புரோ’ பட்டயமோ பல பகுதிகளாகப் பிரிந்து, ஒரு பருவத்துக்கும் மேலாக நீள்கிறது. முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்று, அதன் பிறகு ‘டி’யில் தொடங்குபவர் உச்சிப் படியை எட்டும்போது நாற்பதைக் கடந்திருப்பார், இருபத்தெட்டில் தொடங்கியவர் ஓய்வு பெறும்போதே ‘பி’ உரிமத்தைக் கையில் வைத்திருப்பார். நான் இழந்த ஆறு ஆண்டுகள் இவைதான்.

விண்ணப்பிப்பதற்கு முன் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். இடங்கள் வரையறுக்கப்பட்டவை என்பதால், அறிவிப்பு வந்த பின் ஆவணங்களைத் தேடக் கூடாது; ஆடிய கிளப்புகளின் கடிதங்கள், முந்தைய சான்றிதழ், பயிற்சியளித்த பள்ளியின் உறுதிக்கடிதம் ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். வகுப்புகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடப்பவை. திடலில் மலாய் சரளமாகப் பேசும் நம் ஆட்டக்காரர்கள் பலர், அதே மலாயில் ஒரு பக்கம் எழுதச் சொன்னால் தடுமாறுகிறார்கள். அதற்கும் பழகிக்கொள்ள வேண்டும்.

செய்முறைத் தேர்வில் முன்னாள் ஆட்டக்காரர்கள் தோற்பதற்கு மூன்று நான்கு காரணங்களே திரும்பத் திரும்ப அமைகின்றன. முதலாவது, அதிகம் பேசுவது. மாலை ஐந்து மணி வெயிலில் பதினாறு பேரை வட்டமாக நிற்கவைத்துப் பன்னிரண்டு நிமிடம் விளக்கம் கொடுப்பவருக்கு, அந்தப் பன்னிரண்டு நிமிடமும் ஒருவர் காலிலும் பந்து படவில்லை என்பது தோன்றுவதில்லை. இரண்டாவது, தாமே இறங்கி ஆடிக் காட்டிவிடுவது. அழகாகத்தான் இருக்கும்; ஆனால் பார்ப்பவர் உங்கள் காலைப் பார்க்கிறாரே தவிர, தாம் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பார்ப்பதில்லை. மூன்றாவது, ஒரே பயிற்சியில் எல்லாத் தவறுகளையும் திருத்த முயல்வது. தலைப்பு ‘அழுத்தத்துக்குள்ளிருந்து பந்தை வெளியே கொண்டுவருவது’ என்றால், அன்று ஒருவர் கோலை நோக்கி மோசமாக உதைத்தாலும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. எனக்குத் தேர்வு நடத்திய ஆசிரியர் இதற்காகவே என்னை ஒருமுறை தோல்வியுறச் செய்தார். அன்று கோபம் வந்தது. இன்று அவர் செய்தது நியாயம் என்றே நினைக்கிறேன்.

எளிய உதாரணம் ஒன்றைக் காட்டுகிறேன். பத்து மீட்டர் நீளமும் அகலமுமாக ஒரு சதுரத்தைக் கூம்புகளால் அமையுங்கள். நால்வர் நான்கு பக்கமும் நிற்க, இருவர் நடுவில் நின்று பந்தைப் பறிக்க முயல வேண்டும். இது எல்லோரும் அறிந்த பயிற்சிதான். பெரும்பாலோர் இதைச் சிரிப்பும் விளையாட்டுமாக உடல் சூடேற்றுவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறார்கள். சதுரத்தை எட்டு மீட்டராகச் சுருக்குங்கள்: முதல் தொடுதல் தரமாக இல்லாதவர் உடனே அகப்படுவார். பன்னிரண்டாக விரியுங்கள்: நடுவில் உள்ள இருவரும் ஒருவரோடொருவர் பேசாமல் ஓடினால் களைத்துவிடுவார்கள், எனவே இப்போது இது தற்காப்புப் பயிற்சியாகிவிட்டது. பந்தைப் பறித்தவர் ஆறு நொடிக்குள் வெளியே உள்ள சிறிய கோலில் போட வேண்டும் என்று ஒரு விதியைச் சேருங்கள்: இப்போது நால்வரும் பந்தை இழந்த நொடியில் என்ன செய்வது என்பதைக் கற்றுக்கொள்கிறார்கள். நீண்ட விளக்கம் எதுவுமின்றி, கூம்புகளை நகர்த்தியும் ஒரு விதியைச் சேர்த்துமே மூன்று பாடங்களை நடத்திவிட்டீர்கள். இடத்தையும் எண்ணிக்கையையும் விதியையும் மாற்றுவதே பயிற்றுநரின் மொழி, கூச்சலிடுவது அடுத்தது.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். ஏப்ரலிலும், மீண்டும் அக்டோபர், நவம்பரிலும் கோலாலம்பூரில் மாலை நான்கு மணிக்கு மேல் இடியுடன் மழை கொட்டும். மின்னல் வெட்டினால் திடலில் ஒருவரும் நிற்கக் கூடாது. இதில் சமரசத்துக்கு இடமில்லை. ஆகவே தொண்ணூறு நிமிடத் திட்டத்தோடு, நாற்பது நிமிடத்தில் முடியும் ஒரு திட்டத்தையும், கூரையுள்ள கூடைப்பந்துத் தளத்தில் பந்தோடு நடத்தக்கூடிய ஒன்றையும் சட்டைப்பையில் வைத்திருங்கள். மழையைக் காரணம் காட்டிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் பயிற்றுநர், ஒரு பருவத்தில் பல பயிற்சிகளை இழந்துவிடுகிறார்.

துணைப் பயிற்றுநராக இருக்கும் ஆண்டுகள்

பெரிய ஆட்டக்காரர்களுக்குச் சில நேரங்களில் குறுக்கு வழி திறக்கும். இங்கிலாந்தின் கேரி நெவில் 2015 டிசம்பரில், தலைமைப் பயிற்றுநராக முன்அனுபவம் ஏதுமின்றி ஸ்பெயினின் வலென்சியா அணியை ஏற்று, நான்கு மாதம் நிறைவதற்குள் பதவியிழந்தார். இத்தாலியின் ஆண்ட்ரேயா பிர்லோ 2020-இல் யுவென்டஸின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு நியமிக்கப்பட்ட ஒன்பது நாட்களிலேயே முதல் அணிக்கு உயர்த்தப்பட்டார். இரண்டு கிண்ணங்களை வென்றும், தொடர்ந்து ஒன்பது முறை லீக்கை வென்றிருந்த அணி நான்காம் இடத்துக்கு இறங்கியதால் ஒரே பருவத்தில் வெளியேற நேர்ந்தது. இருவரும் அறிவிற் குறைந்தவர்களல்லர். தவறு செய்து திருத்திக்கொள்ள, யாரும் பார்க்காத இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

மறுபக்கத்தைப் பாருங்கள். கார்லோ அஞ்செலோட்டி 1994 உலகக் கிண்ணத்தில் இத்தாலியின் பயிற்றுநர் சாக்கிக்குத் துணையாக இருந்துவிட்டு, அதன் பிறகு ரெஜியானா என்னும் சிறிய கிளப்பில்தான் தலைமைப் பொறுப்பைத் தொடங்கினார். பின்னாளில் பயிற்றுநராக ஐந்து முறை ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக்கை வென்றார். அவருக்குத் துணையாக ரியல் மாட்ரிட்டில் ஒரு பருவம் இருந்த ஜினடின் ஸிடான், பின்னர் அக்கிளப்பின் இரண்டாம் அணியைப் பயிற்றுவித்து, 2016 ஜனவரியில் முதல் அணியை ஏற்று, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அதே கிண்ணத்தைக் கைப்பற்றினார். உலகக் கிண்ணத்தை வென்ற ஷாபி அலோன்சோ, ஓய்வுக்குப் பின் 14 வயதுக்குட்பட்ட சிறுவர்களோடு தொடங்கி, ரியல் சோசியடாட்டின் இரண்டாம் அணியில் மூன்று பருவங்கள் இருந்த பிறகே 2022 அக்டோபரில் ஜெர்மனியின் லெவர்குசன் அணிக்குப் போனார். 2023/24 பருவத்தில் அந்த அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் ஜெர்மானிய லீக்கை வென்றது.

நம் நாட்டிலும் இதே வழிதான். கெடா மாநில அணிக்கு ஆடிய டான் செங் ஹோ, தேசிய அணியில் கே. ராஜகோபாலுக்குத் துணைப் பயிற்றுநராக இருந்தார். பின்னர் 2016-இல் கெடாவை மலேசியக் கிண்ண வெற்றியாளராக்கி, தேசிய அணியின் தலைமைப் பொறுப்பேற்று, தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ணத்தின் 2018 இறுதியாட்டத்துக்கு அதை அழைத்துச் சென்றார்.

துணைப் பயிற்றுநர் வேலையைத் தேடும்போது கிளப்பின் பெயரைப் பார்க்காமல், தலைமைப் பயிற்றுநர் யார் என்பதைப் பாருங்கள். உங்களிடம் ஒரு பயிற்சியையாவது முழுமையாக ஒப்படைப்பாரா? எதிரணியின் ஆட்டப் பதிவைப் பார்த்து அறிக்கை தயாரிக்கச் சொல்வாரா? அணித் தேர்வின்போது உங்கள் மாற்றுக் கருத்தைக் காதில் வாங்குவாரா? கூம்புகளை அடுக்கவும் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பவும் மட்டும் ஒருவரைத் துணைப் பயிற்றுநர் என்று அழைக்கும் அணிகள் உண்டு. அங்கே ஓர் ஆண்டுக்கு மேல் இருக்க வேண்டாம். ஆனால் கூம்பு அடுக்குவதை இழிவாகவும் நினைக்க வேண்டாம். நான் முதல் பருவம் முழுவதும் அதைச் செய்தேன், கட்டங்களின் அளவு கண்ணிலேயே பதிந்துவிட்டது.

தோல்விக்கு அடுத்த நாள்

பயிற்றுநரின் தரம் தோற்ற மறுநாள்தான் தெரியும். இதற்கு 2010 ஆம் ஆண்டு சுசுகி கிண்ணத்தைவிடச் சிறந்த பாடம் நமக்கு இல்லை. ஆட்டக்காரராகச் சிலாங்கூருக்கும் தேசிய அணிக்கும் ஓரப்பகுதியில் ஆடிய ராஜகோபால், 2009-இல் வியந்தியானில் 23 வயதுக்குட்பட்டோர் அணியைக் கொண்டு, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவுக்குத் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியின் தங்கத்தைப் பெற்றுத் தந்திருந்தார். அந்த இளம் ஆட்டக்காரர்கள் பலரை அப்படியே சுசுகி கிண்ணத்துக்கு அழைத்துச் சென்றார். டிசம்பர் 1 அன்று ஜகார்த்தாவில் நடந்த முதல் ஆட்டத்தில், இந்தோனேசியாவிடம் 1-5 என்ற கோல் கணக்கில் அந்த அணி நொறுங்கியது.

அதன் பின் அவர் செய்ததும் செய்யாததும் கவனிக்கத்தக்கவை. அணியைத் தலைகீழாக மாற்றவில்லை. இளைஞர்களை ஒதுக்கிவிட்டு மூத்தவர்களைத் தேடவில்லை. கோல் காவலரை மாற்றினார். கைருல் ஃபாமி சே மாட் கோல் வாயிலுக்கு வந்தார். தாய்லாந்தோடு கோலின்றிச் சமநிலை, லாவோஸுக்கு எதிராக 5-1 என்று அரையிறுதிக்குள் நுழைந்து, வியட்னாமைப் புக்கிட் ஜாலிலில் 2-0 என்று வென்று, ஹனோயில் கோலின்றிக் கட்டிப்போட்டது அணி. இறுதியின் முதல் ஆட்டத்தில், டிசம்பர் 26 அன்று, அதே இந்தோனேசியாவைப் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வீழ்த்தியது. ஜகார்த்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2 என வென்று மலேசியா முதன்முறையாக அக்கிண்ணத்தைக் கைப்பற்றியது. சாஃபி சாலி ஐந்து கோல்களுடன் போட்டியின் அதிகக் கோல் அடித்தவரானார். ஐந்து கோல் வாங்கிய இரவுக்கும் கிண்ணத்தைத் தூக்கிய இரவுக்கும் இடையே இருந்தவை இருபத்தெட்டு நாட்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட நடைமுறை மிகச் சிறியது. பெருந்தோல்விக்குப் பின் இரண்டு மாற்றங்களுக்கு மேல் செய்வதில்லை. எந்த இரண்டு என்பதை ஆட்டப் பதிவை ஒருமுறை தனியாகப் பார்த்த பிறகே முடிவு செய்கிறேன், அதுவும் மறுநாள் காலையில். இரவில் எடுத்த முடிவுகள் பெரும்பாலும் கோபத்தின் முடிவுகளாகவே இருந்திருக்கின்றன.

இந்தத் தொழிலில் ஏற்றமும் இறக்கமும் ஒரே மனிதருக்கு எவ்வளவு விரைவாக வரும் என்பதையும் அறிந்திருங்கள். தாக்குதல் ஆட்டக்காரராகப் புகழ்பெற்ற டோல்லா சாலே, 2013-இல் பகாங்கை மலேசியக் கிண்ண வெற்றியாளராக்கி, அடுத்த ஆண்டே தேசிய அணியை ஏற்றார். 2015 செப்டம்பரில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0-10 என்று தோற்ற பின் பதவி விலகினார். இன்னொருபுறம், 1998-இல் பேராக்குக்கு மலேசியக் கிண்ணத்தை வென்று தந்த எம். கரத்து, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2011-இல் கிளந்தானை நாட்டின் முதல்நிலை லீக்கான சூப்பர் லீக்கின் வெற்றியாளராக்கினார். முழங்கால் அனுமதிக்கும் காலத்தைவிட இந்தத் தொழில் நெடுங்காலம் ஓடக்கூடியது.

சம்பளமும் ஒப்பந்தமும்

இதைப் பற்றி நம்மவர்கள் பேசக் கூச்சப்படுகிறார்கள், அதனால்தான் ஏமாறுகிறார்கள். இடங்கள் குறைவு. 2022 பருவத்தோடு இரண்டாம் நிலையிலிருந்த பிரீமியர் லீக் நின்றுபோனது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்திலிருந்து எழுந்து சூப்பர் லீக் வரை போன பெட்டாலிங் ஜெயா சிட்டி கிளப்பும் அதே பருவத்தோடு விலகிக்கொண்டது. அதன் பிறகு சூப்பர் லீக்கில் ஆடிய அணிகள் எந்தப் பருவத்திலும் பதினான்கைத் தாண்டவில்லை. அவற்றிலும் சில தலைமைப் பதவிகளுக்கு வெளிநாட்டவரே அமர்த்தப்படுகிறார்கள். ஆகவே முழுநேரப் பயிற்றுநராகும் வரை, ஏன் ஆன பிறகும் சில காலம், வேறொரு வருமானம் கையிலிருக்க வேண்டும். நான் ஒன்பது ஆண்டுகள் பகலில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதிவிட்டு மாலையில் திடலுக்குப் போனேன்.

ஒருமுறை, ஓர் அணியில் துணைப் பயிற்றுநராக இருந்தபோது, நான்கு மாதச் சம்பளம் வராமலே பருவம் முடிந்தது. கேட்கப் போனால், அணி நிர்வாகி தோளில் கைபோட்டு, “நாமெல்லாம் குடும்பம், அடுத்த மாசம் பாத்துக்கலாம் தம்பி” என்றார். என்னிடம் இருந்தது ஒரு பக்க நியமனக் கடிதம். அதில் தொகை இருந்தது, சம்பள நாள் இல்லை, இடையில் நிறுத்தினால் என்ன என்பது இல்லை. அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை. அதன் பிறகு எந்த ஒப்பந்தத்திலும் நான் தேடுபவை இவை: தொடக்க நாளும் முடியும் நாளும், ஒவ்வொரு மாதமும் எந்தத் தேதிக்குள் பணம் வர வேண்டும் என்பது, இடையில் நீக்கினால் எத்தனை மாத ஈடு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடிக்கப்படுமா என்பது, அணியை இறுதியாகத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பது. கடைசியில் உள்ளதைக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்தால், அணித் தேர்வில் தலையிட யாரோ ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கிறார் என்று பொருள்.

உடைமாற்றும் அறை

நேற்றுவரை கூட ஆடியவர்களுக்கு இன்று பயிற்றுநராவது சங்கடமான நிலை. முடிந்தால் முதல் வேலையை வேறு அணியில் தேடிக்கொள்ளுங்கள். முடியாதபோது, முதல் நாளே மூத்தவர்களைத் தனித்தனியே அழைத்து, இனி மாமாக் கடையில் உட்காரமாட்டேன் என்பதையும், அது மனக்கசப்பினால் அன்று என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒருவரை அணியிலிருந்து நீக்கும்போது, பெயர்ப்பட்டியலை ஒட்டும் முன் அவரிடம் நேரில் சொல்லுங்கள்; ‘மச்சான்’ என்று அழைத்துப் பழகியவரிடம் இதைச் சொல்வது கடினம்தான், ஆனால் சுவரில் பார்த்துத் தெரிந்துகொண்டவர் மன்னிப்பதில்லை.

மொழியிலும் ஒழுங்கு வேண்டும். நம் அணிகளில் தமிழர், மலாய்க்காரர், சீனர், வெளிநாட்டவர் எல்லோரும் இருப்பார்கள். திடலின் பொதுமொழி மலாய். ‘ஜாகா’ (கவனி), ‘பூசிங்’ (திரும்பு), ‘பெலாக்காங்’ (பின்னால்) போன்ற ஒற்றைச் சொற்கள் எல்லோருக்கும் ஒரே நொடியில் புரியும். அவற்றுக்கு உங்கள் அணியில் இன்ன பொருள் என்று வரையறுத்து, எப்போதும் அதே பொருளில் பயன்படுத்துங்கள். தமிழ் ஆட்டக்காரரிடம் தமிழில் பேசுவது இயல்புதான், ஆனால் மற்றவர்கள் நடுவில் அவரிடம் மட்டும் தமிழில் நீளமாகப் பேசினால், என்ன சொன்னார் என்ற ஐயம் அறையில் தங்கிவிடும். நோன்பு மாதத்தில் பயிற்சியை இரவு ஒன்பது மணிக்கு மேல் மாற்றுவது வழக்கம். அதற்கேற்ப அனைவரின் உணவு, உறக்க நேரங்களையும் மாற்றியமைப்பது உங்கள் பொறுப்பு.

இடைவேளை பதினைந்து நிமிடம் என்பது தாளில் உள்ள கணக்கு. நடந்து வர இரண்டு நிமிடம், தண்ணீர் குடித்து மூச்சு வாங்க நான்கு நிமிடம், காலில் கட்டுப்போட, காலுறை மாற்ற, மீண்டும் நடந்து போக எஞ்சியது போனால், உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். முதல் நான்கு நிமிடமும் வாயைத் திறக்காதீர்கள். இதயத் துடிப்பு தணியாதவர் காதில் எதுவும் ஏறாது. அந்த நேரத்தில் துணைப் பயிற்றுநரிடம் அவர் பார்த்ததைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு இரண்டே இரண்டு செய்திகள்: ஒன்று பந்து நம்மிடம் இருக்கும்போது, ஒன்று இல்லாதபோது.

முதல் நேர்முகத்துக்குப் போகும்போது

பெரும்பாலோர் தாங்கள் ஆடிய காலத்துப் பத்திரிகைத் துணுக்குகளைக் கொண்டுபோகிறார்கள். அவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஒரு வாரத்துக்கான பயிற்சித் திட்டத்தை எழுதிக் கொண்டுபோங்கள். சனிக்கிழமை ஆட்டம் என்று வைத்துக்கொண்டால், திங்கள் ஓய்வு. செவ்வாய் சிறிய இடத்தில் குறைந்த ஆட்களோடு வேகமான ஆட்டங்கள். புதன் பெரிய இடத்தில் நீண்ட ஓட்டங்கள், வாரத்தின் மிகக் கடுமையான நாள். வியாழன் எதிரணியை எண்ணிப் பதினொருவர் அமைப்பு. வெள்ளி முக்கால் மணி நேரத்துக்கு மிகாமல் மூலை உதைகளும் ஃப்ரீ கிக் எனப்படும் தடையற்ற உதைகளும். ஞாயிறை எப்படி நிரப்பியிருக்கிறீர்கள் என்பதை அனுபவமுள்ள நிர்வாகி முதலில் பார்ப்பார். ஆடிய பதினொருவருக்கு அன்று இலேசான ஓட்டமும் நீச்சலும் போதும். சனிக்கிழமை இரவு முழுவதும் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு நிமிடமும் ஆடாமல் வீடு திரும்பிய ஏழெட்டுப் பேருக்கு, ஞாயிறு காலை எட்டு மணிக்கு, வெயில் ஏறும் முன், தலைமைப் பயிற்றுநரே நேரில் நின்று நடத்தும் முழுப் பயிற்சி ஒன்று அந்தத் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.